முதல் பிணத்தின் சிரிப்பு

போடிக்கு மேலே பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் வரும் ஊத்தாம்பாறையில், பவுன்தாய் செத்துப்போன மறுநாள் காலையில் வழக்கம்போல எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டாள், அடுப்பு மூட்டினாள், பள்ளிக்கூடம் போகிற மகள் மின்னல்கொடிக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னும்போது விரல் பட்ட இடமெல்லாம் பானைத் தண்ணீர் பட்டதுபோலச் சில்லென்றிருக்க, "யம்மா, ஒங் கை ஏம்மா இப்பிடி இருக்கு?" என்று பிள்ளை கேட்டபோதுதான் அவளுக்கே நினைவு வந்தது. "நேத்துச் செத்துட்டேன்ல, அதான்" என்று சொல்லிவிட்டு ரிப்பனை முடிந்தாள்.

அவளைச் சாகடித்தது சினிமா. சினிமாவில் செத்தவர்கள் சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள்தானே என்றால், ஆமாம், ஆனால் போவதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. பிணமாக நடித்தவர் யாராக இருந்தாலும் சரி, பெரிய நடிகரானாலும் கூட்டத்தில் ஒருத்தரானாலும், ஷாட் முடிந்த கையோடு கேமராவை நிறுத்தாமல் அவரை எழுப்பி உட்காரவைத்து, லென்ஸைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கச் சொல்லி அதையும் நாலு அடி பிலிமில் பிடித்துவிட வேண்டும். அந்தத் துண்டு படத்தில் வராது, எடிட்டர் மேசையடிக் குப்பைக்குத்தான் போகும். ஆனாலும் பிலிமில் விழுந்தவர் பிலிமிலேயே எழுந்துவிட்டார் என்று ஆகிவிடும், அப்புறம் அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

அந்தச் சிரிப்புகளை எடுக்கிற வேலை கோமதிநாயகத்துடையது. இருபத்திரண்டு வருஷமாக இணை இயக்குநராகவே இருந்தவர், தனியாக ஒரு படம் பண்ணிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தை மாதமும் நினைத்துக்கொண்டவர், அரிவாள் வெட்டில் போனவர்கள், ரயிலில் விழுந்தவர்கள், காதலுக்காக விஷம் குடித்தவர்கள் என்று எழுநூறு பிணங்களையாவது எழுப்பிச் சிரிக்கவைத்தவர். யூனிட்டில் அவரை நாயகம் சார் என்பார்கள். அவர் விட்டுவிட்ட ஒரே சிரிப்பு பவுன்தாயுடையது.

முகமூடி மாட்டிய ஒருத்தன் ஆட்களை ஒவ்வொருத்தராக வெட்டிக்கொண்டே போகிற படங்கள் உலகம் முழுக்க உண்டு. ஆல்வின் என்ற இருபத்தெட்டு வயது இயக்குநர் அத்தனையையும் பார்த்துச் சலித்து, அந்தச் சலிப்பையே படமாக எடுக்க ஊத்தாம்பாறை எஸ்டேட் பங்களாவுக்கு வந்து இறங்கியிருந்தான். அவன் கதையில் பங்களாவுக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தாங்கள் அப்படிப்பட்ட ஒரு படத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று முதல் ரீலிலேயே தெரிந்துவிடும். தனியாகப் போகக் கூடாது, சத்தம் கேட்டால் 'யாரு' என்று கேட்கக் கூடாது, 'இதோ வந்துடறேன்' என்று சொல்லவே கூடாது, சொன்னவன் திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது என்றெல்லாம் ஒருத்தன் சமையலறைச் சுவரில் கரியால் எழுதிவைப்பான், பாதியில் கரி தீர்ந்துபோக, மறுநாள் 'இதோ வந்துடறேன்' என்று கரி எடுக்கப் போய்ச் செத்துப்போவான். புது வீட்டு முகப்பில் தொங்கவிடுகிற திருஷ்டிப் பொம்மையின் முகத்தை மாட்டிக்கொண்டு வரும் கொலைகாரனுக்கு மூட்டுவலி. மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, ஓடுகிற பெண்ணைப் பார்த்து, 'எப்படியும் தடுக்கி விழத்தானே போறே, மெதுவாப் போம்மா' என்பான். படத்தின் பெயரே 'பதினோரு பேர் சாகிற படம்'.

"படமே சாவைப் பார்த்துச் சிரிக்குது நாயகம் சார், தனியா எதுக்கு ஒரு சிரிப்பு, பிலிம்தான் தண்டம்" என்று ஆல்வின் முகம் சுளித்தான். நாயகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இயக்குநர் டீ குடிக்கிற நேரம் பார்த்து ஒவ்வொரு பிணமாக எழுப்பிச் சிரிக்கவைத்துப் பத்துச் சிரிப்பு சேர்த்துவிட்டார்.

கதையில் முதலில் சாகிறவள் பங்களாவின் சமையல்காரி. அதைக் கடைசி நாளில்தான் எடுத்தார்கள். அதற்கென்று வந்த நடிகை வளைவு வளைவாக வாந்தி எடுத்து, மேலே வந்ததும் படுத்துவிட்டாள். அன்றைக்கு யூனிட்டுக்குக் காய் நறுக்கித் தர வந்திருந்தவள் பவுன்தாய், மற்ற நாளெல்லாம் ஏலக்காய் கொட்டகையில் காய் தரம் பிரிக்கிறவள். முப்பத்தாறு வயது, நல்ல உயரம். "ஏம்மா, நீ நிக்கிறியா?" என்று நாயகம் கேட்டதும் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்கு ஒரே ஒரு வசனம், இருட்டு மூலையில் சத்தம் கேட்டதும் 'யாரு?' என்று கேட்க வேண்டும். பவுன்தாய் சத்தம் வந்த பக்கம் பார்த்தாள், சுவர் எழுத்தைப் பார்த்தாள், பிறகு நேரே கேமராவைப் பார்த்து, "யாருன்னு கேட்டாச் செத்துப்போவேன்னு தெரியும், இந்தா சுவத்துலயே எழுதிருக்கு. ஆனா எனக்குக் குடுத்த வசனமே இது ஒண்ணுதான், இதையும் பேசாட்டி நான் எதுக்கு வந்தேன்?" என்று சொல்லிவிட்டு, மூலையைப் பார்த்து "யாரு?" என்றாள். ஆல்வின் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். படம் முழுக்க எழுதி எழுதி அவன் தேடிக்கொண்டிருந்ததை ஒரு பொம்பளை காய் நறுக்குகிற இடைவெளியில் சொல்லிவிட்டாள்.

கொலைகாரன் வந்தான், வெட்டினான், சர்க்கரைப் பாகில் சாயம் கலந்த ரத்தத்தை உதவியாளர்கள் சேலையில் ஊற்றினார்கள், பவுன்தாய் விழுந்து கண் நிலைகுத்திக் கிடந்தாள். "சூப்பர், ஓகே" என்று கத்திவிட்டு ஆல்வின் வெளியே போனான். "கேமராவ நிறுத்தாதப்பா" என்று நாயகம் சொல்வதற்குள் ரோல் தீர்ந்து கேமரா கடகடத்தது.

"அசையாதீங்கம்மா, ரத்தம் கலைஞ்சிடும். ரோல் மாத்திக்கிட்டு இதோ வந்துடறேன்."

வசனப் பிரதியைத் தன் கையால் எழுதியவர், சுவரில் கரியால் எழுதவைத்து எழுத்துப்பிழை பார்த்தவர், அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. போனவரை வாசலில் ஆல்வின் பிடித்துக்கொண்டான். மேற்கே வெளிச்சம் அருமையாக இறங்குகிறது, கீழே ஒன்பதாவது வளைவில் ஒரு ஷாட் எடுத்துவிடலாம் என்று ஜீப்பில் ஏற்றினான். ஏறுவதற்குள் யாரோ பூசணிக்காயை உடைத்துப் படப்பிடிப்பு முடிந்தது என்று கைதட்டினார்கள். எல்லாம் முடிந்து போடியில் ஒரு டீக்கடை வாசலில் வண்டி நின்றபோது அவளை எழுப்பாமல் வந்தது நாயகத்துக்கு நினைவு வந்தது. திரும்பி மலையைப் பார்த்தார், பதினேழு வளைவும் தெரிந்தது. யாராவது எழுப்பிவிட்டிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டார். தம் குறிப்பேட்டில் பதினோராவது சிரிப்புக்கு நேரே ஒரு டிக் போட்டுவிட்டு டீயைக் குடித்தார்.

பவுன்தாய் சொன்ன சொல் தட்டாதவள். விளக்கெல்லாம் கழற்றிக்கொண்டு போனார்கள், வயர் சுருட்டினார்கள், அவளைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள், அவள் அசையவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் கணவன் தவசி தேடிக்கொண்டு வந்து, "ஏய், எல்லாம் போயிட்டாகடி, நீ என்னா இன்னும் படுத்துக் கெடக்க?" என்றபோது, "எந்திரிக்கச் சொல்லலையே" என்றாள். அப்புறம் தானாகவே எழுந்தாள். யாரும் சொல்லாமல், சிரிக்காமல், கேமரா இல்லாமல் எழுந்தாள்.

இதெல்லாம் நாயகத்துக்கு எப்படித் தெரியும் என்றால், மின்னல்கொடி எழுதினாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, படப்பிடிப்புத் தாளில் இருந்த கம்பெனி முகவரிக்கு எழுத, அவர்கள் வடபழனியில் இவர் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் கடிதம் நாற்பது நாளில் வந்தது. அன்புள்ள சார், எங்கம்மா இன்னும் சிரிக்கலை, நீங்க எப்ப வருவீங்க, இப்படிக்கு மின்னல்கொடி, ஏழாம் வகுப்பு ஆ பிரிவு. நாயகம் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் தூங்காமல் கிடந்தார். அப்புறம் பெட்டியில் வைத்தார். அப்போதுதான் ஒரு தயாரிப்பாளர் இவர் கதையைக் கேட்கச் சம்மதித்திருந்தார். அடுத்த மாதம் போகலாம் என்றிருந்தார், அடுத்த மாதம் கதையில் இடைவேளை சரியில்லை என்றார்கள், அதை மாற்றிவிட்டுப் போகலாம் என்றிருந்தார். மனுஷன் கெட்டவர் இல்லை, தள்ளிப்போடுகிறவர், ஆனால் கீழே படுத்துக் கிடக்கிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. ஊர் அந்தச் சாவை எப்படி வாங்கிக்கொண்டது என்பதை அந்தப் பிள்ளை ஒன்றுவிடாமல் எழுதினாள். நர்சம்மா வந்து நாடி பார்த்து, இரண்டு கையிலும் இல்லை என்று சொல்லிவிட்டு, மற்றபடி நல்லா இருக்காக என்று போனது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பவுன்தாயே உலை வைத்து, ஊருக்கே பரிமாறி, தன் படத்துக்கு முன்னால் வைத்த படையலை எடுத்துத் தானே காக்காய்க்கு வைத்தது, காக்காய்க்கு ஒரே குழப்பம். சேலையில் கொட்டிய ரத்தம் ஆற்றில் எத்தனை தடவை கும்மியும் போகவில்லை, காயவும் இல்லை, வேறு சேலை கட்டினாலும் அரை நாளில் அதிலும் ஊறிவிடும், பாகு என்பதால் அவள் போகிற இடமெல்லாம் பின்னால் சாரை சாரையாக எறும்பு. அவள் எங்கே இருக்கிறாள் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, எறும்பு போகிற வழியில் போனால் போதும்.

ஏலக்காய் கொட்டகையில் முதலில் யோசித்தார்கள். அப்புறம் அந்தச் சில்லிட்ட கை பட்ட காய் பச்சை மாறாமல் இருப்பதைக் கண்டு அவளை நல்ல காய் பிரிக்கிற வரிசையில் உட்காரவைத்தார்கள். ராத்திரிக் கனவில் அலறுகிற பிள்ளைகளை அவளிடம் கூட்டிவந்து ஐந்து நிமிஷம் மடியில் படுக்கவைத்தார்கள், செத்தவர்கள் மடியிலேயே படுத்தாகிவிட்டது, இனி என்ன பயம் என்று பிள்ளைகள் தெளிந்துவிடும். யார் வீட்டில் இழவு விழுந்தாலும் முதலில் அவளைக் கூப்பிட்டார்கள். "எங்கய்யாவப் பாத்தா, பத்திரம் எங்க வச்சாருன்னு கேட்டுச் சொல்லு பவுனு" என்பவர்களிடம், "எனக்கு அங்கிட்டு யாரையும் தெரியாதுப்பா, நான் இங்கிட்டே கெடக்கேன்" என்று சங்கடப்படுவாள். படம் முதலில் ஓடவில்லை. அப்புறம் தொலைக்காட்சியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் போட ஆரம்பித்து, பட்டணத்துப் பிள்ளைகள் அதைக் கொண்டாட ஆரம்பித்தார்கள். ஊத்தாம்பாறையிலும் எல்லாரும் கூடி உட்கார்ந்து பவுன்தாய் சாவதைப் பார்த்தார்கள், அவளும் எறும்புகளோடு ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். "வசனம் நான் பேசுனதுதான், குரலு யாரோ" என்றாள். கடைசியில் ஓடுகிற பெயர்களில் அவள் பெயர் இல்லை, 'முதல் பிணம்' என்று மட்டும் போட்டு அதற்கு நேரே ஒன்றும் போடவில்லை. அதை எழுதிக் கொடுத்ததும் நாயகம்தான். அவளிடம் அவர் பெயர் கேட்டிருக்கவே இல்லை.

ஒன்றே ஒன்றுதான் ஊருக்கு இடறியது. ஊருக்குள் பிணம் கிடக்கும்போது முத்தாலம்மன் கோயில் நடை திறக்கக் கூடாது. பூசாரி வேலாண்டி நல்ல மனுஷன், வாரக்கணக்கில் தலையைச் சொறிந்துவிட்டு ஒரு வழி சொன்னார். திருவிழா எட்டு நாளும், ஊரில் கல்யாணம் நடக்கிற நாளெல்லாமும், பவுன்தாய் ஊர் எல்லை ஓடைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். அவள் போய் உட்கார்ந்தாள். கொட்டுச் சத்தம் கேட்கும், வாணம் தெரியும், தவசி தூக்குவாளியில் பொங்கல் கொண்டுபோய்க் கொடுப்பான், செத்தவளுக்குப் பசி ஏது என்று தெரிந்தும் கொடுப்பான், தெரிந்தும் அவள் சாப்பிடுவாள். "செத்தாலும் வீட்டுலதான இருக்கா, எனக்கு அது போதும்" என்று அவன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மூன்றாம் வருஷம் அந்தத் தவசி மிளகு பறிக்க ஏறிய ஏணி சரிந்து விழுந்து செத்தான். நிஜமாகச் செத்தான், எழுந்திருக்கவில்லை. அதைச் சொன்ன கடிதத்தைத்தான் நாயகம் பெட்டியில் வைக்கவும் முடியாமல் கையில் வைக்கவும் முடியாமல் தவித்தார். பவுன்தாய் அவனைக் குளிப்பாட்டினாள், நெற்றியில் காசு வைத்தாள், தலைமாட்டில் உட்கார்ந்தாள், அவளுக்கு அழுகை வரவில்லை. செத்தவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் ஊறாது. பெண்கள் கூடிக் காத்திருந்து பார்த்துவிட்டு, தாலியை என்ன செய்வது என்று தங்களுக்குள் பேசி, பக்கத்து வீட்டுச் சீனியம்மா முடிவாகச் சொன்னாள்: "அவ புருசனுக்கு முந்திப் போன மகராசி. மஞ்சளும் குங்குமமுமாப் போனவளுக்கு எதுக்குடி அறுக்கணும்?" அதனால் தாலி கழுத்திலேயே இருந்தது, பொட்டும் பூவும் இருந்தன. அப்பா போன பிறகு எங்கம்மா ஓடைக்கு அந்தப் பக்கம் தனியா உக்காந்திருக்கு சார், நான்தான் பொங்கல் கொண்டுபோறேன் என்று பிள்ளை எழுதியிருந்தாள். அதற்கப்புறம் கடிதம் வரவில்லை. நாயகத்தின் படமும் கடைசிவரை நடக்கவில்லை.

ஒன்பதாம் வருஷம் சித்திரையில் போன் வந்தது. மின்னல்கொடிக்கு இருபத்தொரு வயது, குரலில் கெஞ்சல் இல்லை.

"எனக்கு வைகாசியில முத்தாலம்மன் கோயில்ல கல்யாணம் சார். எங்கம்மா ஓடைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்க நான் தாலி கட்டிக்க மாட்டேன். மாப்ள வீட்ல சொல்லிட்டேன். நீங்க வந்தா நடக்கும், இல்லாட்டி நடக்காது. அவ்ளோதான்."

நாயகம் அன்றைக்கே ஓட ஆரம்பித்தார். ஒன்பது வருஷத்தில் பிலிமே இல்லாமல் போய்விட்டிருந்தது. கேமராவெல்லாம் மாறி, லேப் எல்லாம் மூடி, பிலிம் என்று கேட்டவரை எல்லாரும் பரிதாபமாகப் பார்த்தார்கள். கைபேசியில் எடுத்தால் என்ன என்று ஒரு பையன் கேட்டான். பிலிமில் விழுந்தவள் பிலிமில்தானே எழ வேண்டும் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது. கடைசியில் பழைய ஒளிப்பதிவாளர் ஒருத்தர் வீட்டுப் பிரிட்ஜில், இட்லி மாவுக்குப் பின்னால், காலாவதியான ஒரு நானூறடி டப்பா கிடைத்தது. நாலரை நிமிஷம் ஓடும். அவருடைய கேமராவையும் வாங்கிக்கொண்டு, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாக ஒரு மத்தியானம் நாயகம் பஸ்ஸில் பதினேழு வளைவும் ஏறினார். ஏறும்போது ஒத்திகை பார்த்துக்கொண்டார். அவள் சிரிப்பாள், எழுவாள், மகள் கட்டிக்கொள்வாள், ஊர் கைதட்டும், அவர் கைகூப்பி மன்னிப்புக் கேட்பார், அவள் பரவாயில்லண்ணே என்பாள். முப்பது வருஷத்துக்கு மேல் சினிமாவில் இருந்தவருக்கு அதைவிட வேறு முடிவு தோன்றவில்லை.

பங்களாச் சமையலறையில் ஊரே கூடியிருந்தது. சுவரில் கரி எழுத்துப் பாதி அழிந்து கிடந்தது. பவுன்தாய் வந்தாள். அதே முப்பத்தாறு வயது, அதே சேலை, ஈரம் காயாத ரத்தம், பின்னால் எறும்பு. அவர் அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் குறிப்பேட்டைப் பார்த்து, தலை இந்தப் பக்கம், இடது கை மடங்கி, வலது கால் நீட்டி என்று நிலையைச் சொன்னார். "தெரியும்ணே, எனக்கு மறக்கல" என்று அவள் படுத்தாள். நாயகம் கேமராவைத் தோளில் ஏற்றினார்.

"இருங்க சார்" என்று சீனியம்மா முன்னால் வந்தாள். "ஏண்டி பவுனு, ஊரே சேந்து எந்திரி எந்திரிங்கறமே, ஒருத்தராச்சும் ரோசிச்சமா? இப்ப நீ முந்திப் போன மகராசி. இதுல நீ சிரிச்சு எந்திரிச்சேன்னா, தவசி போயி ஆறு வருசமாச்சுடி."

பூசாரி வேலாண்டி தொண்டையைச் செருமி, நடைக்குள் வரத் தடையொன்றும் இல்லை, ஆனால் தாலித் தட்டை எடுத்துக் கொடுக்கிற இடத்தில் அவள் நிற்க முடியாதே, பின்னால்தானே நிற்க வேண்டும் என்று இழுத்தார். மின்னல்கொடி அம்மாவைப் பார்த்தாள். நாயகம், தவசி செத்த கடிதத்தை எத்தனையோ தடவை படித்தவர்தான், அவள் எழுந்தால் என்னவாக எழுவாள் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. அவர் நினைத்ததெல்லாம் தம் குறிப்பேட்டில் போட்ட டிக்கைப் பற்றித்தான். கேமராவை இறக்கி, "வேணாம்னா விட்டுடலாம்மா" என்றார்.

பவுன்தாய் படுத்தபடியே கண்ணை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"இப்பவும் போயிரலாம்னு பாக்குறீகளாண்ணே?"

அவர் கேமராவைத் திரும்ப ஏற்றினார். "ஓட்டுங்க" என்றாள்.

கேமரா கிர்ரென்று ஓடியது. "எந்திரிங்கம்மா" என்றார் நாயகம், ஒன்பது வருஷம் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை. அவள் கையூன்றி எழுந்து உட்கார்ந்து, நேரே லென்ஸைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்பு, கொஞ்சம் கூச்சமும் இருந்தது, போட்டோவுக்கு நிற்கிற பெண்ணின் கூச்சம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வகிட்டிலிருந்து நரை இறங்கியது, கண்ணோரம் சுருங்கியது, சேலையில் ரத்தம் காய்ந்து பொருக்காகி உதிர்ந்தது, எறும்புகள் சுவரோரமாகத் திரும்பிப் போயின. முதல் மூச்சை அவள் இழுத்தபோது விக்கல்போலச் சத்தம் வந்தது. மின்னல்கொடி ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "சுடுதும்மா, கை சுடுது" என்று சிரித்தாள். ஊரும் சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பவுன்தாயின் முகம் கோணியது. "ஏ, அவுகளக் கொண்டுபோயிட்டாகளேடி" என்றாள் மகளிடம். ஏதோ அப்போதுதான் ஆள் வந்து சொன்னதுபோலச் சொன்னாள். பிறகு தரையில் அறைந்துகொண்டு கத்தினாள். ஆறு வருஷமாக ஊறாமல் கிடந்த அழுகை அவ்வளவும் ஒரே மூச்சில் வந்தது. குளிப்பாட்டும்போது அவன் முதுகு எப்படி இருந்தது, நெற்றியில் காசு வைத்தபோது கண் கொஞ்சம் திறந்திருந்தது, அவன் கொண்டுவந்த பொங்கலில் ஒரு நாளாவது ருசி தெரியவில்லை, நல்லாருக்கு என்று பொய் சொன்னாள், எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி அழுதாள். "நான் அழுகலன்னு நெனச்சுட்டே போயிட்டாகளே" என்றாள். பெண்கள் ஒவ்வொருத்தியாகப் போய் அவளைச் சுற்றி உட்கார்ந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். நாயகம் கேமராவை நிறுத்த வேண்டும் என்று நினைத்தார், விரல் வரவில்லை. நாலரை நிமிஷமும் ஓடி, ரோல் தீர்ந்து, பிலிம் வால் பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது, அதற்குப் பிறகும் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அன்றும் மறுநாளும் அழுதாள். மூன்றாம் நாள் கல்யாணம். விடிந்ததும் சீனியம்மாவும் இன்னும் இரண்டு பேரும் ஒரு தட்டோடு வந்து தயங்கி நிற்க, மின்னல்கொடி வாசலை மறித்தாள். "செத்துக் கெடந்தப்ப வச்சிருந்த பொட்டு. உசுரோட வந்துருக்கு, இப்ப ஏன் அழிக்கணும்? ஒங்க சட்டத்துல உசுரோட இருக்கறதுதான் தப்பா?" என்றாள். பவுன்தாய் உள்ளேயிருந்து முகம் வீங்கி வந்தாள், தாலியைத் தானே கழற்றிச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தாள், பொட்டை மட்டும் வைத்துக்கொண்டாள். கோயிலில் அவளே முன்னால் நின்று தட்டை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி வேலாண்டி அந்த நேரம் பார்த்துக் கற்பூரத்தைத் தேடிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார்.

நாயகத்தைச் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்காரவைத்தார்கள். பவுன்தாயே வந்து சோறு போட்டாள், சாம்பார் ஊற்றினாள், இன்னும் கொஞ்சம் என்றாள். சினிமாக்காரர் என்று பிள்ளைகள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர் ஒத்திகை பார்த்துவைத்திருந்த மன்னிப்பைக் கேட்காமலே இலையை மடித்தார். பஸ் நிற்கிற வேப்பமரத்தடிக்குக் கேமராப் பெட்டியோடு வந்து நின்றபோது, பின்னால் அவள் வந்தாள். நடந்து வந்ததற்கே மூச்சு வாங்கியது, இடுப்பில் கை வைத்து நின்று மூச்சை விட்டாள், அது அவளுக்கே இன்னும் புதிதாக இருந்தது.

"என்னை மன்னிச்சிரும்மா" என்றார் நாயகம். "அன்னைக்கே திரும்பி வந்திருக்கணும். போடியிலேயே ஞாபகம் வந்துருச்சு."

"ஞாபகம் வந்துச்சா?" என்றாள். அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. "நீங்க மறந்துட்டீகன்னுதான் இம்புட்டு நாளும் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

பஸ் சத்தம் வளைவுக்குக் கீழே கேட்டது.

"அவுக சாகயில நான் உசுரோட இருந்திருக்கணும்ணே" என்றாள். குரலில் கோபம் இல்லை, பந்தியில் போதும் என்று கை மறைக்கிற மாதிரிதான் சொன்னாள். "சரி, எம்மக கல்யாணத்துக்கு வந்தீக, சந்தோசம். இன்னொரு நாளு நான் நெசமாவே சாவேன்ல. அன்னைக்கு யாரு சொல்லிவிட்டாலும் நீங்க வந்துராதீக."

"சரிம்மா" என்றார்.

அவள் திரும்பிப் பார்க்காமல் கல்யாண வீட்டுக்கு நடந்தாள். அதற்கப்புறம் நாயகம் எந்தப் படத்திலும் வேலை செய்யவில்லை. பல வருஷம் கழித்து, முட்டி தேய்ந்து, காது மந்தமாகிக் கிடந்த ஒரு கார்த்திகை மாதத்துக் காலையில் மின்னல்கொடி போன் செய்தாள். அம்மா போயிட்டாக சார், தூக்கத்துலயே போயிட்டாக, மத்தியானத்துக்கு மேல எடுக்குறோம் என்றாள். சரிம்மா என்று போனை வைத்துவிட்டு அவர் சட்டையை மாற்றினார், செருப்பை மாட்டிக்கொண்டு தெருவாசல் வரை வந்தார், அங்கேயே வெகுநேரம் நின்றார், பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.